தொங்கும் எடை

ஒவ்வொரு கல்லையும் மூன்று முறை நிறுக்கிறேன்.
காய்ந்த எடை முதலில்.
இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு ஆறியபின்
தண்ணீருக்குள் கம்பியில் தொங்கும்போது ஒன்று.
வெளியே எடுத்து ஈரத்துணியால் ஒற்றி
உடனே ஒன்று.
கழித்து வகுத்தால் கிடைக்கும்
கல்லுக்குள் எவ்வளவு கல் இல்லை என்பது.

அதற்குத்தான் சம்பளம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
சரக்கு வண்டி போய் முடிவதற்குள்
என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
செங்கல் கம்பெனி என்பேன்.
துளை அளக்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன்.
கேட் திறக்கும்வரை சிரித்தார்கள்.

களிமண் லாரியில் வருகிறது, விருத்தாசலம் பக்கமிருந்து.
வெண்ணாற்று வண்டல் இந்தச் சூட்டுக்கு இளகிவிடும்.
எங்கள் ஊர் தருவது உமி.
மெல்லிய ரகமென்றால், உடைத்து லென்ஸில் பார்க்க
அத்தனை துளையும் ஓடம் போலிருக்கும்.
மோட்டா ரகத்தின் துளை குண்டு.
அரிசியை ஏதோ ஒரு ரேஷன் கார்டு தின்று முடித்திருக்கும்.
அதன் சட்டையும் சூளையில் எரிந்தது.
சட்டை கிடந்த இடம் மட்டும்
ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு முன்னால்
நின்றுகொண்டிருக்கிறது.

காரைக்காலில் ஓர் உலையின் சுவர் எங்கள் கல்.
உள்ளே எட்டிப்பார்த்தால் கண் கூசுகிறது.
வெளித்தகட்டில் உள்ளங்கை வைத்து
இருபது எண்ணினேன்.
காய்ச்சல்கார நெற்றி, அவ்வளவுதான்.
நடுவில் ஒன்பது அங்குலம்,
பாதிக்கு மேல் காற்று.

ஐப்பசி லோடில் உமி நனைந்திருந்தது.
பக்கிரிசாமி வீட்டில் காதுகுத்து.
முந்நூறிலிருந்து அறுநூறு வரை சூளையை
நிறைமாதக்காரியைப் படியிறக்குவதுபோல
நடத்திக் கூட்டிப்போக வேண்டும்.
அவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெளியில் சந்தன நிறம். தட்டினால் நல்ல ஓசை.
ஒன்றை உடைத்தேன்.
நடுவில் கறுப்பு, கோழிமுட்டையளவு.
காற்று வந்து சேர்வதற்குள் கதவடைபட்ட உமி.

மூன்று கல், ஒன்பது எடை.
ஐம்பத்தெட்டு வரவேண்டிய இடத்தில் நாற்பத்தாறு.

தாஜுதீன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நாற்பத்தாறா, ஐம்பத்தாறாம்மா?
உன் நாலு எப்பவும் அஞ்சு மாதிரி இருக்கும்.

என் நாலு நாலு மாதிரிதான் சார் இருக்கும்.

கறுப்பு இருந்தா என்ன,
அங்க போய் எரிஞ்சிட்டுப் போவுது.

எரியும் சார்.
சுவருக்குள்ள இருந்துகிட்டு எரியும்.

ஏற்றிய நாலாயிரத்தையும் இறக்கினார்கள்.
இறக்குகூலி தனி.
பக்கிரிசாமி மூன்று வாரம் பேசவில்லை;
நீ வச்ச மொய்யைத் திருப்பித் தந்துரவா
என்று கேட்டதோடு சரி.

கழித்த கல்லைச் சுவருக்குப் பின்னால் கொட்டும்போது
ஒன்று சரிந்து வாய்க்காலில் விழுந்தது.
மிதந்தது.

வாத்து ஓட்டிவந்தவன் குச்சியைத் தூக்கி நிறுத்தினான்.
யக்கா, செங்கல் மெதக்குது.
தெரியும் என்றேன்.
வாத்துகள் அதற்கு வழிவிட்டன.

துளைகளில் தண்ணீர் ஏற ஏற
ஒரு முனை தாழ்ந்தது.
அந்தப் பக்கம்தான் கறுப்பு இருக்குமென்று நினைக்கிறேன்,
உடைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.
மதகுவரை போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.
அதற்கு முன்பே, ஆகாயத்தாமரை ஓரமாக,
நாலைந்து குமிழி விட்டு
அமிழ்ந்தது.

பதினேழு நிமிடம்.
பேனா கையில் இருந்ததால்
குறித்துக்கொண்டேன்.