முப்பத்தேழாவது வரி

ஸ்ரான்லி வீதியில் கைபேசிக் கடைக்கு மேலே
இருபத்திரண்டு படி.
பதினேழாவது உடைந்து கிடக்கிறது.
வேலை கேட்டு ஏறுகிறவர்கள் பதினெட்டுக்குத் தாவுவார்கள்.
நானும் தாவினேன்,
கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி.

"வாங்கோ மிஸ், இருங்கோ."
பவானந்தன் கதிரையைத் துவாயால் தட்டினார்.
பெடியனை நெக்டோ வாங்க அனுப்பினார்.
வேண்டாம் என்றேன்.
பெடியன் அதற்குள் படியிறங்கிவிட்டான்.

சுவரில் கந்தசுவாமியார்.
பக்கத்தில் அதே அளவுச் சட்டத்துக்குள்
ஆட்களை வழங்குவதற்கான அனுமதிப்பத்திரம்.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே பிளாஸ்ரிக் மாலை.
கந்தனுக்குக் காலாவதி இல்லை.
மற்றது போன வருசம் ஆவணியோடு முடிந்திருந்தது.
இது ஐப்பசி.

"கொழும்புக்கு அனுப்பியிருக்கு மிஸ்,
இண்டைக்கோ நாளைக்கோ வந்திடும்."
பதினான்கு மாதமாக நாளை.

பதிவேட்டை விரித்தேன். அறுபத்திரண்டு பெயர்.
காவல், துப்புரவு, மீன் தெரிவு, பொது.
பொது என்றால் என்ன வேலை?
"சொல்லுற வேலை" என்றார்.
அன்று அவர் சொன்னதில்
எனக்குச் சந்தேகம் வராத ஒரே பதில் அது.

சம்பளம் பெற்றுக்கொண்டேன், சம்பளம் பெற்றுக்கொண்டேன்:
அறுபத்திரண்டு கையொப்பமும் ஒரே நீலப் பேனை,
ஒரே சாய்வு.
ஒருவருக்கும் கை நடுங்கவில்லை.
ஒருவரும் பெருவிரல் வைக்கவில்லை.

சீருடைக்கு, சப்பாத்துக்கு,
பிடித்துவிட்டுக் கட்டாத சேமலாப நிதிக்கு,
பிறகு "ஏனைய"வுக்கு.
எல்லாவற்றுக்கும் மேலே தலைப்பு: கழிவு.
பகல் முழுக்க மற்றவர்களின் கழிவை அள்ளுகிறவர்களுக்கு
மாதக் கடைசியிலும் அதே சொல்.

"எல்லாம் எங்கட பிள்ளையள் மிஸ்.
சும்மா திரிஞ்சதுகளை
நான்தானே கொண்டுபோய் நிப்பாட்டினனான்."
அதுவும் உண்மைதான்.
என் கோப்பு ஒருவருக்கும் வேலை தந்ததில்லை.
இந்த உடைந்த படி தந்திருக்கிறது.

முப்பத்தேழாவது வரியில்
விரல் நின்றது.

ம. மரியகொறற்றி, நாவாந்துறை.
துப்புரவு.
இடம்: தொழிற் கந்தோர்.

எங்கள் கந்தோர்.

கொறற்றியக்கா.
நான் வருமுன் என் மேசையில்
நேற்றைய தேநீர்க் கோப்பையின் வட்டத்தை
அழித்து வைக்கிறவர்.
குறைந்தபட்ச வேதனச் சுவரொட்டியை
ஈரத்துணி படாமல் கவனமாகச் சுற்றித் துடைக்கிறவர்.
மூன்று வருசம்.
மழையைப் பற்றிக் கதைத்திருக்கிறோம்,
மகனின் சோதனையைப் பற்றி, கணவாய் விலையைப் பற்றி.
சம்பளம் யார் தருவது என்று
நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நெக்டோ வந்தது. நுரை அடங்கும்வரை பார்த்திருந்தேன்.

பின்னேரம் கந்தோரில் பழைய கோப்பை இறக்கினேன்.
மூன்று கேள்விப்பத்திரம்.
ஆகக் குறைந்த தொகை ஏற்றுக்கொள்ளப்பட்டது.
அந்தத் தொகையை ஆட்களால் வகுத்து, நாளால் வகுத்துப் பார்த்தால்
சுவரொட்டியில் உள்ள எண் வராது.
அன்றைக்கு ஒருவரும் வகுக்கவில்லை.
கீழே மூன்று சுருக்கொப்பம்.
நடுவில் இருப்பது என்னுடையது.
நீலப் பேனை.

அறிக்கைப் படிவத்தில்
"அவதானித்த குறைபாடுகள்" என்று ஆறு கோடு.
ஐந்தை நிரப்பினேன்.

மற்றநாள் ஏழரைக்கே போய்விட்டேன்.
கொறற்றியக்கா விறாந்தையில் வாளியோடு நின்றார்.
"அக்கா, மாசம் கையில எவ்வளவு தாறாங்கள்?"

அவர் முதலில் வாசலைப் பார்த்தார்.
துணியைப் பிழிந்தார்.
பிறகு என்னை.

"ஏன் மிஸ்,
என்னை நிப்பாட்டப் போறியளோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்து
ஓரடி வைத்தேன்.
நிலம் ஈரம்.
நான் மிதித்த இடத்தை மட்டும்
குனிந்து, திரும்பவும் துடைத்தார்.