தெற்கு வீட்டுக் கம்பிகள்

கொளத்தூர், மூன்றாவது மாடி, மாசி.
துளை போடலாம் என்கிறான் தணிகா,
ஆங்கர் போல்ட்டை இறுக்கிவிட்டால்
எந்தப் புயலுக்கும் அசையாதாம்.
ஐப்பசியில் கீழ்வீட்டுச் சீலிங் ஒழுகினால்
போன் உனக்கா வரும், எனக்கா?
கான்கிரீட் கட்டைகளைத் தூக்கச் சொன்னேன்.
ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. லிப்ட் இல்லை.
படிக்குப் படி என் பெயரை
வேறு வேறு விதமாக உச்சரித்தான்.

சாய்வு பன்னிரண்டு டிகிரி, முகம் தெற்கு,
அடியில் ஒரு சாண் காற்றுக்கு.
வீட்டுக்காரம்மா கேட்கிறார்:
"கத்திரி வந்தா கரண்ட் கொட்டும்ல?"
இல்லைம்மா, இதுக்கும் சூடு ஆகாது.
இப்ப தர்றதை அப்பத் தராது.
நம்பவில்லை. மோர் தந்தார்.

குடித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்.
தெற்கே, பக்கத்து மொட்டை மாடியில்
தூண்களின் தலையில் துருவேறிய கம்பிகள்,
இன்னும் கட்டாத ஒரு மாடிக்காக.
இன்றைக்கு அவற்றின் நிழல் ஈர்க்குச்சி.
நாளை சுவர் எழும்பி,
மார்கழிச் சூரியன் அந்தப் பக்கம் சாய்ந்தால்
ஒரு பேனல் இருண்டு
வரிசையே படுத்துவிடும்.

டேப்பை மறுபடி விரித்தேன்.
வடக்கே தள்ளினால் பத்தில் எட்டுதான் நிற்கும்.
முதலாளி போனில் கத்தினார்,
"கட்டாத வீட்டுக்கெல்லாம் நிழல் கணக்கு பாப்பியாடா?"

நான் பதில் தேடிக்கொண்டிருக்க
பின்னால் கட்டை உராயும் சத்தம்.
தணிகா நகர்த்தத் தொடங்கியிருந்தான்,
வடக்கே,
என் பெயரைச் சொல்லிக்கொண்டே.