வான் ரீனன் இறக்கம்

கோட் ஃபோர்ட்டீன் லைசென்ஸ் வந்து பதினோரு நாள்.
போட்டோவில் என் கண்கள்
இன்னும் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஜேக்கப்ஸில் முதல் கம்பெனி.
ஏசி அறை. கிலோமீட்டருக்கு இத்தனை ரேண்ட் என்று
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.
என் கடனைவிடப் பெரிய எண்.
"வான் ரீனன் இறக்கத்தில்
பிரேக் வாடை அடித்தால்?" என்றேன்.
"எங்களுக்குப் போன் பண்ணு, சொல்கிறோம்."

வெளியே யார்டில், ஒரு டயரின் பள்ளத்தில்
ஒரு ரேண்ட் நாணயத்தை நிறுத்திப் பார்த்தேன்.
நிற்கவில்லை.

அடுத்தது மொபெனியில், தகரக் கொட்டகை.
ஆறே லாரி, அதிலும் ஒன்று ஜாக்கின் மேல்.
கிரீஸ் கையோடு வந்த தேஷ்னி கவுண்டர்
சம்பளத்தைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள்.
அதே கேள்வி.
"நிறுத்து" என்றாள்.
கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
"அப்புறம் வேணும்னா போன் பண்ணு."

ராத்திரி, சாட்ஸ்வர்த்.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கடியில் இரண்டு தாள்.
சாக்ரன் பெரிய எண்ணையே பார்க்கிறான்.
தவணைத் தேதி அவனுக்கும் தெரியும்,
வெள்ளிக்கிழமை.

அவள் பேசாமலிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்
ஒரு லாரி முழுசாக நின்றிருக்கும் என்கிறேன்.

அவன் கால்குலேட்டரைத் தேடுகிறான்.