வெள்ளைக் கொடி

கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பவன் நான்.
கசாப்புக்காரனுடையதைப் போல வெள்ளைக் கோட்டு,
காலடியில் இரண்டு கொடிகள்:
குறுக்குக் கட்டைக்கு மேலே போனால் வெள்ளை, ஒரு புள்ளி.
கீழே, வலைக்குள் விழுந்தால் பச்சை, மூன்று.
இரண்டும் இல்லையென்றால்
சிலுவையில் அறைந்தது போல் கைகளை விரிக்க வேண்டும்.
நடுவர் மலாக்கி என் மைத்துனன். அதுதான் என் தகுதி.
சம்பளம், திரும்பும் வழியில் ஒரு தட்டுக் கோழியும் உருளைக்கிழங்கும்.

லோர்கன் ஹெஸ்லினை முதலில் பார்த்தபோது
அவனுக்கு வயது பத்தொன்பது, முதுகில் எட்டு.
பந்தைப் பிடிக்க எழும்பினான் என்றால்
இறங்க அவசரப்படமாட்டான்.
காலிலிருந்து கைக்கு, கையிலிருந்து காலுக்கு,
கூடவே துள்ளி வரும் கன்றைப் போலப்
பந்து அவனோடு ஓடிவரும்.
அன்று அவன் மாவட்டம் பதினொரு புள்ளியில் தோற்றது.
அடுத்த வருடம் நான்கில்.
அதற்கடுத்த வருடம் மழையில்.

பதினான்கு கோடைகள்.
இந்த ஆட்டத்துக்கு யாரும் காசு தருவதில்லை.
பெட்ரோலுக்குத் தருவார்கள், பல் போனால் பல்லுக்கு.
பகலில் பண்ணை பண்ணையாய்ப் போய்
மாடுகளுக்குச் சினை ஊசி போட்டான்.
இரவில், ஜனவரிச் சேற்றில்,
பாதி எரியும் விளக்குகளுக்குக் கீழே ஓடினான்.
கூட ஆடியவர்கள் ஒவ்வொருவராய் விமானம் ஏறினார்கள்.
பெர்த்திலிருந்து ஒருவன் கேட்பான்: இன்னுமாடா ஆடறே?
இடது முழங்கால் ஒருமுறை, வலது இருமுறை.
லீக் அட்டவணை பார்த்துத்தான்
ப்ரோனா கல்யாணத்துக்கு நாள் குறித்தாள்.
அட்டவணையை மாற்றிவிட்டார்கள்.

பிறகு அந்த ஞாயிறு.
சமநிலை. கூடுதல் நேரமும் தீரும் தறுவாய்.
நாற்பத்தைந்து மீட்டர், இடது கால், எதிர்க்காற்று.
கம்பத்தின் உச்சிக்கும் மேலே வந்தது பந்து.
அந்த உயரத்தில் கம்பம் கிடையாது,
கம்பம் இன்னும் வளர்ந்திருந்தால் எங்கே இருக்கும் என்ற
என் யோசனைதான் இருக்கிறது.
இன்னொரு கம்பத்துக்காரன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.
நான் யோசித்து முடிப்பதற்குள்
என் கை குனிந்து வெள்ளையை எடுத்துவிட்டது.

எதிரணிக் கோல்கீப்பர் என் முகத்துக்கு நேரே சொன்னதை
இன்றுவரை என் மனைவியிடம் சொன்னதில்லை.
இருபத்தாறு வருடத்தில் முதல் வெற்றி என்றார்கள்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள் சாலையில் கொளுத்திய தீ
என் படுக்கையறைச் சன்னலில் விடியும்வரை ஆடியது.
அடுத்த சுற்றில் பதினேழு புள்ளியில் தோற்றார்கள்.
அதை யார் கணக்கில் வைக்கிறார்கள்.
அவன் ஓய்வு பெற்றபோது பத்திரிகையில் ஆறு வரி.
ஆறும் அந்த ஒரு உதையைப் பற்றி.

போன மார்ச்சில் என் தொழுவத்துக்கு வந்தான்.
வழக்கமாக வருபவருக்கு இடுப்புப் பிடிப்பு.
குடுவை புகைந்தது. தோள்வரை நீலக் கையுறை.
என்னைத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.
எல்லோரும் கோட்டைத்தான் பார்ப்பார்கள்,
உள்ளே இருப்பவனை அல்ல.
பசுவுக்குள் முழங்கை மறைந்த பிறகு
சுவரைப் பார்த்தபடி சொன்னான்:
"அது வெளியே போச்சு."

தகரக் கூரையில் மழை.
"உதைச்சதுமே கால் சொல்லிடும்."

"எவ்வளவு வெளியே?"

"ஒரு சாண். ஒண்ணரை."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.
ஏன் தூக்கினீர்கள் என்று அவனும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால், கண்ணில் வெயில் என்றிருப்பேன்.
அன்று வெயில் இல்லை.

வாளியைக் கீழே வைத்தேன்.
இரண்டு மாடுகளுக்கு நடுவே,
ஆறு வருடம் தாமதமாக,
கைகள் இரண்டையும் அகல விரித்தேன்.
அவன் சிரித்த சிரிப்பில் பசு ஓரடி நகர்ந்தது.
"ஆடாம நில்லு" என்றான்,
என்னிடமா பசுவிடமா தெரியவில்லை.

சினை பிடிக்கவில்லை.
இருபத்தோராம் நாள் மறுபடி கத்தியது.
போன் செய்தேன். எட்டு மணிக்கு வருகிறேன் என்றான்.
இரண்டாம் தடவைக்குக் காசு வாங்கமாட்டானாம்,
அது விதி.