வலப்பக்கம் திரும்பும்போது

பள்ளத்தூரில் தெருக்கள் வளைவதில்லை,
மடங்குகின்றன.
ஸ்கேல் வைத்துப் போட்ட ஊர்.
அதனால்தான் முதல் சில நாள் எனக்குப் பிடிபடவில்லை.
நேரே போகும்வரை வண்டி ஊமை.
வலப்பக்கம் ஒடித்தால் மட்டும்
உரலில் யாரோ சரளைக்கல்லை ஆட்டுவதுபோல்
கர்ர்ர்.

பின்சீட்டில் ஐஸ்பெட்டி.
உள்ளே இருபத்துமூன்று பேரின் ரத்தம்.
கானாடுகாத்தானில் எட்டு, கோட்டையூரில் ஆறு,
மிச்சம் இங்கே, வெறும் வயிற்றோடு
வாசலில் நின்று கை நீட்டியவர்கள்.
பத்தரைக்குள் காரைக்குடி லேப்பில் இறக்கியாக வேண்டும்.

செக்காலையில் ஒருத்தர்
வண்டிக்கடியில் குனியக்கூட இல்லை.
"ஆக்ஸில் போச்சும்மா, ஒன்பதாயிரம்."
ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு சொல்கிற ஆள்.
அந்தத் தொழிலில் இருப்பவள் நான்,
எனக்குத் தெரியாதா.

அதற்கப்புறம் ஒரு வாரம்
வலதே திரும்பவில்லை.
மூன்று இடது சேர்ந்தால் ஒரு வலது,
சதுரம் சதுரமான ஊர் அதற்கு இடம் கொடுத்தது.
பெட்ரோல் கொடுக்கவில்லை.

முத்துராக்கு என்னைவிட ஆறு வயது சின்னவன்.
ஷெட் என்று பெயர், நாலு கம்பி, ஒரு தகரம்.
நான் ஆட்களைக் கேட்கிற மாதிரியே கேட்டான்:
எத்தனை நாளா?
காலையில ஜாஸ்தியா, ஓடின பிறகா?
பிரேக் மிதிச்சா மாறுதா?
"மாறலை."
ம் என்றான். எழுதிக்கொள்ளவில்லை.

பக்கத்தில் ஏறி உட்கார்ந்து
இரண்டு கண்ணாடியையும் இறக்கச் சொன்னான்.
இந்தத் தெருவில் வாசல் வைத்து
அடுத்த தெருவில் கொல்லை முடிகிற வீடு ஒன்று,
அதன் நெடுமதிலை ஒட்டி,
"பாம்பு மாதிரி வளைச்சு வளைச்சுப் போங்க."
போனேன்.
மதில், கேட்டதை ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னது.
எதிரே வந்த பால்காரர்
நான் குடித்திருப்பதாக நினைத்திருப்பார்.

முதலில் ஒரு கல் கிடைத்தது,
டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் நடுவே,
கடலைப் பருப்பளவு செம்புறாங்கல்.
அவ்வளவுதானா என்று சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
மறுபடி மதில். மறுபடி கர்ர்ர்.

"வலது சக்கரம்தான்" என்றேன்,
"வலது திரும்பும்போதுதானே."
ஜாக்கி ஏற்றி வலதைச் சுற்றிவிட்டான்,
சுருள்வில்லில் இரண்டு விரல் வைத்து
நாடி பார்த்தான்.
என் விரலையும் வைக்கச் சொன்னான்.
வழுவழு. குற்றமில்லை.
ரப்பர் பையைப் பிதுக்கினான், கிரீஸ் கசியவில்லை.

பிறகு இடது.
சக்கரம் சுற்றியது.
கம்பிக்குள்ளிருந்து என் விரல்நுனிக்கு
மணல் ஏறி வந்தது.

"வலது திரும்பினா பாரம் இடதுலதானே விழும்,"
நட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னான்,
ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போல.
எனக்குத் தெரியாது.
பதினொரு வருஷமாக ஓட்டுகிறேன்,
ஒவ்வொரு திருப்பத்திலும்
எதிர்ப்பக்கம் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

பேரிங் புதுசு ஆயிரத்து இருநூறு.
பிரஸ்ஸில் வைத்து அடிக்க, கூலி ஐந்நூறு.
கழற்றியதைக் காட்டினான்:
உருண்டைகளில் அம்மைத் தழும்பு.
"வலதும் இதே வயசுதான், பாத்துக்கங்க"
என்றும் சொன்னான். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஒன்பதே முக்கால்.
முதல் முனையில் வேண்டுமென்றே வலது ஒடித்தேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமே இல்லையென்றால்
பின்னால் ஐஸ்பெட்டிக்குள்
குழாய்கள் ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும் சத்தம்.
இத்தனை நாளும் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

மாலை லேப்பிலிருந்து அடைக்கம்மை கூப்பிட்டாள்.
"நோட்டுல இருபத்துநாலாவது பேர் யாரு?
ஆல்ட்டோ, வயசு பதினொண்ணு,
இடது முன்பக்கம்னு எழுதியிருக்கே.
குழாய் வரலையே?"