மஞ்சள் சீட்டு

டோலிடோ. பிப்ரவரி. ஹீட்டர் இருமுகிறது.
பதினோரு வருடமாக
இந்த மேசைக்குத்தான் வருகின்றன மஞ்சள் சீட்டுகள்.
தட்டச்சு செய்வது மட்டும் என் வேலை.

கார்சன் நாற்காலியை உதைத்தால் துறுதுறுப்பு.
ஒமாரியன் உதைத்தால்
மிரட்டல், மூன்று நாள் வீட்டில்.
அதே நாற்காலி. அதன் கால் ஆடுவதாக
பழுது பார்க்கச் சொல்லி எழுதியதும் நான்தான்.

ஆகஸ்டில் லவெட் டீச்சர் வந்தார்.
நாற்பத்திரண்டு பேரில்
ஒமாரியனின் நிறத்தில் ஒருவர்.
அவர் வகுப்பிலிருந்து சீட்டே வரவில்லை.
கண்டிப்பு போதாது என்றார்கள், காபி ஆறுவதற்குள்.

ஒருநாள் அந்த வாசலைக் கடந்தேன்.
"உட்காருடா. உங்க அம்மா நம்பர் எனக்கு மனப்பாடம்."
நிமிர்ந்தது என் முதுகு.
உள்ளே யாரோ சிரித்தார்கள், ஒமாரியனாக இருக்கலாம்.

இப்போது எல்லா வகுப்பின் அடங்காத பையன்களும்
அவரிடம்தான் அனுப்பப்படுகிறார்கள்.
சீட்டு கிடையாது.
சம்பளமும் கூடவில்லை.

இன்று வந்து கேட்டார்:
"ஒரு கட்டு சீட்டு கொடுங்கள்."
யார் மேல் எழுத?
"அனுப்புகிறவர்கள் மேல்."

என் பின்னால் இரும்பு அலமாரி.
பதினோரு வருடம் அதற்குள்.
சாவி என் கழுத்தில்.
எழுந்தேன் என்று முடிக்க ஆசை.
ஹீட்டர் மறுபடி இருமியது.
அவர் இன்னும் நிற்கிறார்.