வாரத் தவணை

அருப்புக்கோட்டையில் கிளம்பும்போது
பையில் பணம் வைத்துக்கொள்ளவில்லை.
டியூப் இரண்டு, காற்றடிக்கும் பம்பு,
லுங்கி, மழைக்கோட்டு.
யாரோடும் பந்தயம் இல்லை.
வேலையை விட்ட மறுவாரம் அது,
அவ்வளவுதான்.

ஆறாம் நாள் சேலம். வெள்ளிக்கிழமை.
செவ்வாய்ப்பேட்டையில் ஆரக்கம்பி ஒடிந்தது.
சிக்கந்தர் பாய் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு
காது கொடுத்துக் கேட்டார்.
“மூணு போயிருக்கு.
உங்களுக்கு ஒண்ணுதான் தெரியுது.”
காசில்லை என்றேன்.
“கேட்டனா?”
கேட்கவில்லைதான்.
பையனை அனுப்பித் தட்டுவடை செட் வாங்கிவரச் செய்தார்,
எனக்கென்று சொல்லாமல்.
கடிக்கும்போது பீட்ரூட் துருவல்
சட்டைப்பையில் சிந்திவிட்டது.

அடிவாரச் சோதனைச் சாவடியில் காவலர்,
“பிரேக் பிடிக்குமா?”
“ஏறத்தானே சார் போறேன்.”
“அப்ப எறங்கவே மாட்டியா?”

இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
ஏழு வரைக்கும் மிதித்தேன்.
எட்டிலிருந்து தள்ளினேன்.
குரங்குகள் என்னைவிட என் பையையே பார்த்தன.
பதினொன்றில்
மூடுபனி வந்து சாலையை எடுத்துக்கொண்டு போனது.

காலி காய்கறிக் கூடைகளோடு டெம்போ ஒன்று நின்றது.
“தூக்கிப் போடுங்க, ஏறுங்க.”
வேண்டாம் என்றேன்.
ஏன் வேண்டாம் என்று எனக்கே தெரியவில்லை.
அவன் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன்.
பத்தடி முன்னால், முதல் கியரில்,
பின்விளக்கு இரண்டும் சிவக்க
ஊர்ந்துகொண்டே இருந்தான்.
நான் மூச்சு வாங்க நின்றால்
அதுவும் நின்றது.
பன்னிரண்டு. பதினைந்து. பத்தொன்பது.
டீசலை யார் கணக்கில் எழுதுவான்?

இருபது தாண்டியதும்
ஜன்னலில் ஒரு கை மட்டும் நீண்டு ஆடியது.
முகம் பார்க்கவில்லை.
வண்டி எண்ணைப் படித்து வைத்துக்கொண்டேன்,
பழக்கதோஷம்.

செம்மநத்தம் போய்ச் சேர்ந்தபோது இருட்டு.
முதலில் வெளிச்சம் தெரிந்த வீட்டின் கதவைத் தட்டினேன்.
உள்ளே டிவி நின்றது.

அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும்.
ஏழு வருடம் கேட்டிருக்கிறேன்.
வாசலில் நான்கு ஜோடிச் செருப்பு இருக்கும்,
உள்ளே ஆளில்லாதது போல
நான்கு பேர் மூச்சடக்கி இருப்பார்கள்.
செருப்பை எண்ணிவிட்டு
இன்னொரு முறை தட்டச் சொல்லித்தான்
எனக்குப் பயிற்சி.

கதவு கையகலம் திறந்தது.
“குழுப் பணம் திங்கக்கிழமையே கட்டிட்டமே சார்.”
குனிந்து பார்த்தேன்.
நீலச் சட்டை.
பீட்ரூட் கறை கம்பெனிப் பெயரின் மேலேதான் விழுந்திருந்தது,
பாதி எழுத்தைத்தான் மறைத்திருந்தது.

“வசூலுக்கு இல்லக்கா.
சைக்கிள்ல வந்தேன்.
ராத்திரி படுக்க இடம்…”
அவள் என்னைத் தாண்டிச் சைக்கிளைப் பார்த்தாள்.
பையைப் பார்த்தாள், அது எவ்வளவு இளைத்திருக்கிறதென்று.
பிறகு உள்பக்கம் திரும்பி,
“டேய், டிவியைப் போடு.”

சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு.
மிளகு மூட்டைகளுக்கு நடுவே பாய்.
சின்னப்பொண்ணு என்று பெயர் சொன்னாள்.
“என்ன வேலைங்க பாத்தீங்க?”
“கணக்கு எழுதுற வேலை.”
“எங்க சாரும் அப்படித்தான் சொல்லுவாரு.”
குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.
வேண்டாம் என்று சொல்ல
இந்த முறை வாய் வரவில்லை.

நடுராத்திரி விழித்து
ஒரு மூட்டையின் மேல் கை வைத்தேன்.
எங்கள் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் உண்டு:
வீட்டிலுள்ள அசையும் பொருட்கள்.

காலையில் கிளம்பும்போது
கமலா ஆரஞ்சு மூன்றைப் பைக்குள் திணித்தாள்.
“திரும்பி வந்தா
திங்கக்கிழமை மட்டும் வராதீங்க.
அன்னிக்கு இந்த ஊர்ல
யாரும் இருக்க மாட்டோம்.”
சிரித்தாளா என்று பார்ப்பதற்குள்
உள்ளே பால் பொங்கிய வாசம், ஓடிவிட்டாள்.

குப்பனூர் வழியாக இறங்கினேன்.
பிரேக் பிடித்தது.